கொறற்றி மிஸ்ஸியின் கையெழுத்து

கொறற்றி மிஸ்ஸியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நான் அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொன்னால், அது பாசத்தில் வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். பதினேழு வருஷம் ஒரே ஆஸ்பத்திரியில் இருந்தோம். அவர் தாதி, எங்கள் பேச்சில் மிஸ்ஸி. நான் சிற்றூழியன். கிளினிக் வாசலில் நின்று நம்பர் துண்டு கொடுத்து ஆட்களை உள்ளே விடுவது என் வேலை. மாத்தளையிலிருந்து மலைப்பக்கம் ஏறுகிற ஒரு பாதையில் இருந்த சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி அது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன்.

மரிய கொறற்றி ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். அந்தக் காலத்தில் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கப் போகிறவர்கள் போத்தலையும் கொண்டுபோக வேண்டும். சாராயப் போத்தலோ சோடாப் போத்தலோ, கழுவிக்கொண்டு போய் நீட்டினால் ஊற்றித் தருவார்கள். என்ன மருந்து, யாருக்கு என்று ஒரு துண்டு ஒட்ட மாட்டார்கள். கொறற்றியின் தாய்க்கு இருமல் மருந்து ஒரு போத்தல், தகப்பனின் முழங்காலுக்குப் பூசுகிற மருந்து ஒரு போத்தல். இரண்டும் ஒரே மாதிரிப் போத்தல்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்கு ஓடுகிற அவசரத்தில் தாய் மாற்றிக் குடித்துவிட்டாள். மூன்று நாள் கிடந்து செத்தாள். டிஸ்பென்சரிக்காரர் அவர்கள் குடியிருந்த லயத்துக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "படிக்காத சனம், அப்புடித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அப்போது கொறற்றிக்குப் பதினொரு வயது.

தோட்டத்தில் பலருக்கு இல்லாத பிரஜாவுரிமைப் பத்திரம் தகப்பனுக்கு இருந்தது. கன்னியாஸ்திரிகள் படிக்க வைத்தார்கள். எழுபத்து மூன்றில், தோட்டங்களில் சனம் பட்டினியில் சுருண்டு விழுந்துகொண்டிருந்தபோது, கொறற்றி கண்டியில் தாதிப் பயிற்சியில் இருந்தார். தோட்டத்தில் பிறந்து அரசாங்க மிஸ்ஸியாக வந்தவர்களை அப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்யாணம் கட்டவில்லை. சிரிப்பும் குறைவு. மருந்து மேசைக்கு முன்னால் நின்றால் டொக்டர்கூட அவரிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்.

அவருக்கு இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. மருந்து கொடுக்க முன்னர் நோயாளியின் பெயரை நாம் சொல்லக் கூடாது, அவர்கள் வாயாலேயே வர வேண்டும் என்பது ஒன்று. எண்பத்தாறில் ஒரு புதுத் தாதி, கட்டிலில் கிடந்த நல்லையாவிடம் போய், "முத்துவீரனா?" என்று கேட்டாள். நல்லையா எழுந்து உட்கார்ந்து, "ஆமாங்க" என்றான். முத்துவீரனுக்குப் போக வேண்டிய இன்சுலின் ஊசி நல்லையாவின் தோலைத் தொடுகிற நேரம் கொறற்றி பாய்ந்து பிடித்துவிட்டார். "இந்த சனம் வெள்ளச் சட்டையப் பாத்தா எதுக்கும் ஆமாங்கன்னுதான் சொல்லும்மா. இல்லன்னு சொன்னவங்கள நூறு வருசமா ஒதச்சிருக்காங்க" என்று அந்தப் பிள்ளையை வாட்டு முழுக்கக் கேட்க வாங்கு வாங்கு என்று வாங்கினார். நல்லையாவையும் விடவில்லை. "ஒம் பேரு ஒனக்குத் தெரியாதாய்யா?" என்றார். அவன் அதற்கும் "ஆமாங்க" என்றான்.

எழுத்து இரண்டாவது பிடிவாதம். கொடுத்த பிறகுதான் கொப்பியில் எழுத வேண்டும், கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாக எழுதவே கூடாது. "கொடுக்காதத எழுதுறவ கைய ஒடிக்கணும்" என்பார். அச்சடித்த மாதிரி இருக்கும் அவருடைய கையெழுத்து. நாள், மருந்து, அளவு, எந்தப் பக்கத்து இடுப்பு, முடிவில் ம.கொ. அந்த ம.கொ. இருந்தால் யாரும் மறுபடி பார்க்க மாட்டார்கள்.

இனி சவரியம்மாவுக்கு வருகிறேன். இருதயத்தில் வாதக் காய்ச்சல் பிடித்த தோட்டத்துப் பெண். அந்த நோய்க்கு மாதம் ஒரு பென்சிலின் ஊசி போட வேண்டும். தடிப்பான வெள்ளை மருந்து, இடுப்பில் ஏறும்போது ஆண்களும் பல்லைக் கடிப்பார்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு முதலில் கையில் ஒரு பொட்டு மருந்து வைத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். தடித்துச் சிவந்தால் அவர்களுக்கு அந்த ஊசி கூடாது, போட்டால் ஆளைக் கொன்றுவிடும். மாதம் தவறாமல் போட்டு வருகிறவர்களுக்குச் சோதனை தேவையில்லை. சவரியம்மா ஒன்பது வருஷம் ஒரு மாதம் தவறாமல் வந்தாள். அவளுடைய கிளினிக் கொப்பி முழுக்க ம.கொ., ம.கொ. என்று நிரம்பிக் கிடந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை அந்தக் கொப்பியோடு வேறொருத்தி வந்தாள். முகச்சாயல் அப்படியேதான். நான் பார்த்தவுடனேயே தங்கச்சிக்காரி என்று கண்டுகொண்டேன், நம்பர் துண்டைக் கொடுத்து உள்ளேயும் விட்டேன். அந்தக் காலத்தில் அடுத்தவன் காரியத்தைக் கண்டுபிடிக்காமல் இருப்பதுதான் ஆரோக்கியம்.

உள்ளே நடந்ததை மிஸ்ஸி பிறகுதான் எனக்குச் சொன்னார். நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

"பேரச் சொல்லுங்க."

"சவரியம்மாங்க."

கொறற்றி மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "ஒம்போது வருசமா நான் ஊசி போட்ட இடுப்ப எனக்குத் தெரியாதா? நீ யாரு?"

அவள் பெயர் சூசையம்மா. அக்கா சவரியம்மா மூன்று வாரத்துக்கு முன்னர் வேறொரு தோட்டத்தில் உறவுக்காரர் வீட்டில் மூச்சு முட்டி இறந்துபோனாள். சாவைப் பதியவில்லை. ஏன் என்றால், சூசையம்மாவுக்கு அடையாள அட்டை கிடையாது. பிறப்பையே யாரும் பதியவில்லை. அவள் புருஷன் இராயப்பன், தம்புள்ளையில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவன், சண்டை நடக்கிற பக்கமான வவுனியா போய்வந்த லொறியில் இருந்தான் என்று பிடித்துக்கொண்டு போய் நகரத்துப் பக்கம் ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். மாதத்தில் முதல் புதன்கிழமை மட்டும் பார்க்க விடுவார்கள், அதுவும் அட்டை உள்ளவர்களை. ஆஸ்பத்திரிக்குக் கீழே பாதையில் ஆமி சோதனைச் சாவடி ஒன்று இருந்தது. கிளினிக் கொப்பியில் அன்றைய தேதியில் சீல் இருந்தால், நகரத்துக்கு மருந்து வாங்கப் போகிறாள் என்று கேள்வியில்லாமல் விட்டுவிடுவார்கள். ஆகவே செத்துப்போன அக்காவின் அட்டை, அக்காவின் கொப்பி, அக்காவின் பெயர். முகாம் வாசலிலும் அவள் கைதியின் மனைவி இல்லை, மனைவியின் அக்கா. தாலி கட்டியவனை மச்சான் என்று கம்பிக்கு வெளியே நின்று கூப்பிட்டாள்.

"வருசக் கணக்கா யாரும் போய்ப் பாக்காத ஆளுக, அப்புறம் எங்க போனாங்கன்னே தெரியலைங்க மிஸ்ஸி. நான் மாசா மாசம் போய் நின்னாத்தான் அவரு இருப்பாரு" என்று அவள் காலைப் பிடித்தாளாம்.

சீல் வேண்டுமானால் ஊசி போட்டாக வேண்டும். ஊசி இல்லாமல் சீல் அடிப்பது கொறற்றியின் சுபாவத்தில் இல்லை. பொய் எழுதுவதைவிட, இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பது மேல் என்று அவருக்குப் பட்டது. அப்படிப்பட்ட மனுஷி. ஆனாலும் புது ஆள் என்பதால் கையில் ஒரு பொட்டு மருந்து வைத்துப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் அந்த இடம் காஞ்சொறி பட்ட மாதிரித் தடித்து, முழங்கை வரை சிவந்து, சூசையம்மா கழுத்தைச் சொறிய ஆரம்பித்துவிட்டாள். இந்தப் பெண்ணுக்குப் பென்சிலின் என்றால் சாவுதான்.

அதை எழுதத்தானே வேண்டும்? சிவப்பு மையால், கொப்பியின் முன்பக்கத்தில், பெரிதாக. ஆனால் கொப்பி சவரியம்மாவுடையது. ஒன்பது வருஷம் ஒத்துக்கொண்ட மருந்து திடீரென்று ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதினால் டொக்டர் கூப்பிட்டு விசாரிப்பார், ஊசியை நிறுத்துவார், சீலும் நின்றுபோகும். அதோடு இராயப்பனைப் பார்க்கப் போவதும் முடிந்தது.

கொறற்றி மருந்தைக் கரைத்தார், ஊசியில் இழுத்தார், கைகழுவும் தொட்டியில் விட்டார். பிறகு உட்கார்ந்து அச்சடித்த மாதிரி எழுதினார். பென்சிலின், இடது இடுப்பு, கொடுக்கப்பட்டது, ம.கொ. சீல் அடித்துக் கொப்பியை நீட்டும்போது ஒன்றே ஒன்றைச் சொன்னார்.

"நான் இருந்தா மட்டும் உள்ள வா. நான் இல்லாத அன்னைக்கு என்ன ஆனாலும் திரும்பிப் போயிரு. வேற யாரு கையாலயும் இந்த ஊசிய வாங்காத. வாங்குனா செத்துருவ. வெளங்குதா?"

"ஆமாங்க" என்றாள் சூசையம்மா.

ஐந்து மாதம் இப்படிப் போனது. ஐந்து தரம் தொட்டியில் ஊற்றி, ஐந்து தரம் எழுதினார்.

ஆறாவது மாதம், முதல் செவ்வாய்க்கிழமை பின்னேரம் கண்டியிலிருந்து தொலைபேசி வந்தது. மறுநாள் புதிய தாதிகளுக்கு ஒரு வகுப்பு, மருந்தைப் பிழையில்லாமல் கொடுப்பது எப்படி என்று. பாடம் எடுக்க வேண்டியவர் வரவில்லை, இந்த மாகாணத்திலேயே இதற்குப் பொருத்தமான ஆள் கொறற்றிதான், கட்டாயம் வர வேண்டும். மேலிடத்து உத்தரவு. தட்ட முடியாது. போகும்போது வாசலில் என்னிடம் நின்றார்.

"யஹ்யா, நாளைக்கு சவரியம்மா வந்தா நம்பர் குடுக்காதீங்க. அடுத்த மாசம் வரச் சொல்லி அனுப்பிருங்க."

"ஏன் மிஸ்ஸி?"

"சொன்னதச் செய்யுங்க."

காரணம் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். இத்தனை வருஷம் கூட வேலை செய்தவனிடம் சொல்வதற்கு அவருக்கு நம்பிக்கை வரவில்லை. முன்கோபக்காரன், வாய்க்காரன், எங்கேயாவது உளறிவிடுவேன் என்று நினைத்திருப்பார். அந்த வருஷங்களில் யார்தான் யாரை நம்பினார்கள்? ஆனால் அதை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

புதன்கிழமை காலையில் சூசையம்மா வந்தாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். தனக்குப் பின்னால் வந்த எல்லோரையும் உள்ளே போக விட்டாள். பத்து மணி வாக்கில் எழுந்து வந்து, "கொறற்றி மிஸ்ஸி வரவே மாட்டாங்களாங்க?" என்று கேட்டாள். வர மாட்டார் என்றேன். மறுபடி உட்கார்ந்தாள். நகரத்துக்கு இறங்குகிற பஸ் பதினொன்றரைக்கு. அதை விட்டால் முகாம் நேரம் தவறிவிடும். பதினொரு மணிக்கு வந்து, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்று கூப்பிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்பர் குடுங்க நானா. சும்மா சீலு மட்டும் கேட்டுப் பாக்குறேன்."

எனக்கு என்ன தெரியும்? பெரிய மிஸ்ஸி தன் கையால்தான் எல்லாம் நடக்க வேண்டும் என்று வீம்பு பிடிக்கிறார், அதற்காக இந்த ஏழைப் பெண் ஏன் காய வேண்டும் என்று நினைத்தேன். கொறற்றியின் உத்தரவை ஒரு தரமாவது மீறிப் பார்க்கிற ஆசையும் எனக்குள் இருந்தது. துண்டைக் கொடுத்தேன்.

உள்ளே இருந்தவள் றஹீமா. வேலைக்கு வந்து ஏழு மாதம். கொறற்றி வேலை பழக்கி வளர்த்த பிள்ளை. ஒரு வரி பிசகாமல் அவர் சொன்னபடி செய்கிறவள். கதவு திறந்துதான் இருந்தது, எல்லாம் என் காதில் விழுந்தது.

"ஒங்க பேரச் சொல்லுங்க."

"சவரியம்மாங்க."

அட்டையைப் பார்த்தாள். கொப்பியைப் பார்த்தாள். ஒரு மாதம் தவறவில்லை. எல்லாம் கொறற்றியின் கையெழுத்து.

"இந்த ஊசி ஒங்களுக்கு எப்பவாவது ஒத்துக்காம போயிருக்கா? கை தடிக்கிறது, மூச்சு முட்டுறது?"

ஒத்துக்காது என்று சொல்வதும், நான் சவரியம்மா இல்லை என்று சொல்வதும் சூசையம்மாவுக்கு ஒன்றுதான். "மிஸ்ஸி, இன்னைக்கு ஒடம்பு சரியில்லீங்க. சீலு மட்டும் அடிச்சுத் தர மாட்டீங்களா?"

"ஊசி போடாம சீல் அடிக்கக் கூடாதும்மா. கொறற்றி மிஸ்ஸிக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னு போடுவாங்க. சொல்லுங்க, ஒத்துக்காம போயிருக்கா?"

வெளியே பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.

"இல்லீங்க" என்றாள் சூசையம்மா.

கையில் ஒரு பொட்டு வைத்ததற்குத் தடிப்புத்தானே வந்தது, இதற்கும் கொஞ்சம் தடிக்கும், பஸ்ஸில் சொறிந்துகொண்டு போகலாம் என்று நினைத்திருப்பாளா? தெரியாது. மேசையில் குப்புறப் படுத்தாள். சீல் அடித்த கொப்பியை வாங்கினாள். என்னைத் தாண்டி நாலு எட்டு வைத்தாள். உதடு வீங்கியிருந்தது. "நானா, கண்ணு தெரியல" என்றாள். அப்படியே சரிந்தாள்.

றஹீமா ஓடிவந்து அட்ரினலின் போட்டாள். டொக்டர் வந்து இன்னொன்று போட்டார். கைகால் நீலமாகியது. இருபது நிமிஷம்தான். பஸ் போய்விட்டது. அவள் கையில் இருந்து கொப்பியை எடுக்க நான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

செத்தது சவரியம்மா என்று எழுதினார்கள். அட்டையில் இருந்த பெயர் அதுதானே.

விசாரணைக்குக் கண்டியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒன்பது வருஷம் ஒத்துக்கொண்ட மருந்து எப்படிக் கொல்லும் என்பதுதான் அவர்களுடைய ஒரே கேள்வி. ஒன்று, றஹீமா மருந்தை மாற்றிப் போட்டிருக்க வேண்டும். அல்லது நரம்பில் குத்தியிருக்க வேண்டும். கொறற்றியைக் கூப்பிட்டார்கள். நானும் சாட்சிக்காக அங்கே நின்றேன். பெரியவர் கொப்பியைப் புரட்டி, எவ்வளவு அழகான எழுத்து என்று சிங்களத்தில் மெச்சினார். கடைசி ஐந்து மாதத்தைக் காட்டி, இந்த ஊசிகளை நீங்கள்தான் போட்டீர்களா என்று கொச்சைத் தமிழில் கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருந்தால் றஹீமா தப்பியிருப்பாள். ஆனால் செத்தவளின் அட்டையில் ஆள் மாறாட்டம் செய்து முகாமுக்குப் போனாள் என்பது வெளியே வரும். உள்ளே இருக்கிற இராயப்பனின் கதை அதோடு முடியும். லயத்தில் மிச்சம் இருக்கிறவர்களையும் அள்ளுவார்கள். கொறற்றியின் இருபத்தாறு வருஷச் சேவையும் போகும். எதற்காகப் பயந்தார் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. றஹீமா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றார் கொறற்றி.

அந்த ஒரு சொல்லை அவர் யாரிடமும் சொல்லி அதற்கு முன்னர் நான் கேட்டதே இல்லை.

றஹீமாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார், ஆளைக் கொன்ற கை என்று பின்வாங்கிவிட்டார்கள். பிறகு ஒரு நாள் அவளை மாத்தளைச் சந்தையில் கண்டேன். வெயிலில் நிறுத்தி வைத்து, "நானா, நான் எல்லாத்தையும் சரியாத்தானே கேட்டேன்? நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க?" என்றாள். "கேட்டீங்க தங்கச்சி" என்றேன். எனக்கு அப்போது முழுதும் தெரியாது என்று சொல்லித் தப்பலாம். ஆனால் பெயர் பொய் என்பது தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

ஒரு வருஷம் கழித்து இராயப்பன் விடுதலையானான். அவன்மேல் எந்தக் குற்றமும் இல்லையாம். ஒரு கிளினிக் நாளில் வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தான். நாற்பது வயது ஆளுக்கு அறுபது வயது உடம்பு. சவரியம்மா என்று எழுதிய மரணச் சான்றிதழ் கையில் இருந்தது. மிஸ்ஸியிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"லயத்துல சொன்னாங்க மிஸ்ஸி. அந்தப் பொதங்கெழம என்னப் பாக்க வர்றப்பதான் இப்புடி ஆச்சுன்னு." தாளைத் தடவிக்கொண்டிருந்தான். "நான் அன்னைக்கு அங்க இல்லீங்க. திங்கக்கெழமையே தெக்க வேற முகாமுக்கு ஏத்திட்டாங்க. வந்திருந்தாலும் பாத்திருக்க மாட்டா."

கொறற்றி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அன்றைக்குத்தான் நானும் முழுக்கக் கேட்டேன். கை தடித்தது, தொட்டியில் ஊற்றியது, ஐந்து மாதம் எழுதியது, விசாரணையில் சொன்னது. ஒன்றையும் மறைக்கவில்லை, அழவும் இல்லை. எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. றஹீமாவின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

இராயப்பன் கத்தவில்லை. "அவ பேரு ஒரு எடத்துலயும் இல்லீங்க" என்றான். "பொறந்ததுக்கும் தாளு இல்ல, செத்ததுக்கும் தாளு இல்ல. கும்புட்டு அழுவுறதுக்கு அக்கா பேருதான் இருக்கு. ஒரு தாளுல எழுதிக் குடுங்க மிஸ்ஸி."

கொறற்றி மேசை லாச்சியைத் திறந்து புதுக் கிளினிக் கொப்பி ஒன்றை எடுத்தார். சிவப்புப் பேனையை எடுத்தார். அச்சடித்த மாதிரி எழுதி, சீல் அடித்து, ம.கொ. போட்டு நீட்டினார். இராயப்பனுக்கு வாசிக்கத் தெரியாது. என்னிடம் தந்தான். வாசித்தேன்.

"சூசையம்மா. பென்சிலின் கொடுக்கக் கூடாது."

அவன் கொப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். பிறகு கேட்டான்.

"இத அப்பவே எழுதியிருந்தா என்னங்க மிஸ்ஸி ஆயிருக்கும்?"

"ஒன்னப் பாக்க வந்திருக்க மாட்டா" என்றார் கொறற்றி. "உசுரோட இருந்திருப்பா."

இராயப்பன் கொப்பியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தான். வாசலில் சனம் காத்துக்கொண்டிருந்தது. நான் போய் அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன்.